வெள்ளைச் சுவர் வெள்ளையல்ல

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று நீர்வண்ணப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். வானம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பெசன்ட் நகர் கடற்கரை மணலில் இருக்கும் ஷ்மிட் நினைவிடம் மூன்றிலும் அட்டையை வெட்டி ஒட்டியதுபோல நிற்கிறது. அது வெள்ளைக் கட்டடம் என்று உனக்குத் தெரியும், அதனால் தாளை வெள்ளையாகவே விட்டுவிட்டாய். விடிந்து அரை மணிக்குள் சூரியன் அதற்குப் பின்னால், கடல் பக்கம் இருக்கும். உன் பக்கத்துச் சுவர் முழுக்க நிழல். கண்ணைப் பாதி மூடிப் பார், வானத்தைவிடச் சுவர்தான் இருட்டு. அல்ட்ராமரின் நீலத்தில் கொஞ்சம் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் வரும் சாம்பலைத் தைரியமாகப் பூசு. மேல் விளிம்பில் நூலளவு தாளை விட்டால் போதும், வெளிச்சம் வந்துவிடும். சாயங்காலம் நாலரைக்குப் போனால் எல்லாம் தலைகீழ்: சுவர் பளீர், பின்வானம் மங்கல்.

"தினமும் அதே பெசன்ட் நகர்தானா" என்று கேட்டிருந்தாய். அதே இடம்தான் வேண்டும். 1821, 1822-இல் ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் வானத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். பல படங்களின் பின்னால் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்திருக்கிறார். இடம் மாறாவிட்டால்தான் வெளிச்சம் மாறுவது கண்ணில் படும். 'மூட்' வரட்டும் என்று உட்கார்ந்திருப்பது சோம்பலுக்கு வைத்த நல்ல பெயர்.

போனதும் பெரிய தாளைத் தொடாதே. முதலில் தீப்பெட்டி அளவில் மூன்று பென்சில் கட்டங்களில் காட்சியை வரைந்து பார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே அழுத்தம். பிடித்ததைப் பெரிய தாளுக்குக் கொண்டுபோ. நிழல்களின் எல்லையை அப்போதே கோடிட்டுவிடு. ஒரு மணி நேரத்தில் நிழல் பாதியாகச் சுருங்கிவிடும், அதைத் துரத்தினால் படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாளாக இருக்கட்டும், 11க்கு 15 அங்குலம் போதும். மெல்லிய தாள் நனைந்ததும் நெளியும், பள்ளத்தில் வண்ணம் தேங்கும். பலகையின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வை. வானத்துக்கு வேண்டும் என்று நினைப்பதைப்போல் இரண்டு மடங்கு வண்ணம் முன்கூட்டியே கரைத்துக்கொள். பாதியில் தீர்ந்து, மறுபடி கலப்பதற்குள் விளிம்பு காய்ந்து கோடாகிவிடும். காய்ந்தால் நிறம் வெளுக்கும், ஒரு படி அழுத்தமாகவே கலக்கு.

இரண்டாவது படத்தில் மேகத்துக்கு நடுவே காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை இருக்கிறதே, அது எப்படி வந்தது தெரியுமா? தாள் ஈரமாக மினுங்கும்வரை எதையும் சேர்க்கலாம். மினுக்கம் போய், ஈரம் மட்டும் உள்ளே இருக்கும் நேரம்தான் ஆபத்து. அப்போது ஈரப் பிரஷை வைத்தால், புதுத் தண்ணீர் பாதி காய்ந்த வண்ணத்தைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் குவித்துவிடும். புறங்கையை லேசாக வைத்துப் பார். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை, கையை எடுத்துவிடு. கடற்காற்றில் இதெல்லாம் வீட்டைவிடச் சீக்கிரம் நடக்கும்.

பிரஷைக் கடல் தண்ணீரில் மட்டும் அலசாதே. உப்பு வண்ணத்தில் புள்ளி புள்ளியாகப் பூத்துவிடும். இரண்டு பாட்டிலில் குழாய்த் தண்ணீர் எடுத்துப் போ, ஒன்று அலச, ஒன்று கலக்க.

அடுத்த தடவை படத்தின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. நேரமும் காற்றும் எழுதியிருக்கிறாயா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா