குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், மழையையும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. தெருவிளக்கு, குடிநீர் விவரங்கள் தனித்தாளில் உள்ளன. நான் பேச வேண்டியது கிழக்கு ஓரத்துக் காலிமனைகளைப் பற்றி.

கார்த்திகையில் மூன்றாவது தெரு அம்மா ஒருவருக்குப் பத்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை. டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு. வலியோ அரிப்போ இல்லாததால் அவருக்கே தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் அது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து தொடங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது.

இதற்குப் பத்திரிகைகளில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று பெயர். அந்தப் பெயரால் சங்கம் பட்ட பாடு கொஞ்சமில்லை. தெருநாய்களைப் பிடிக்கச் சொல்லி மனு வந்தது. மாடு வைத்திருப்பவரோடு சண்டை வந்தது. மாட்டு உண்ணி வேறு. அது மாட்டுக்கு பபேசியா என்ற இரத்த நோயைக் கொடுக்கும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். நமக்கு இந்தக் காய்ச்சலைத் தராது. இதைப் பரப்புவது செடியில் வரும் சிலந்திப்பேனின் உறவு ஒன்று. அதிலும் குஞ்சு மட்டுமே கடிக்கும். கால் மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். வளர்ந்தபின் மண்ணோடு கிடக்கும். கிருமி தாயிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்கு இறங்கிவிடுகிறது. குஞ்சுகளுக்குத் தீனி எலி. புதரும் எலியும் சேர்ந்த இடம் நம் காலிமனைதான். கொசுப்புகை அடித்து அதை ஒன்றும் செய்ய முடியாது.

தை மாத மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர், வேலூர் சி.எம்.சி. முன்னின்று ஏழு மருத்துவமனைகளில் நடத்தி 2023இல் வெளியான ஆய்வைச் சொன்னார். நோய் முற்றிய 794 பேரில், டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசினும் சேர்த்துப் பெற்றவர்கள், ஒன்றை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருக்கிறார்கள். அந்த நிலைக்குப் போகாமல், காய்ச்சல் ஐந்து நாள் தாண்டினால் உடம்பு முழுக்க, கடிபட்ட இடத்தில் வரும் அந்தப் பொருக்கைத் தேடுங்கள் என்றார். இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடி: கூச்சப்பட்டுக் காட்டாமல் விடும் இடங்கள்தான்.

மாசியில் புதர் வெட்டினோம். ஆட்களுக்கு முழுக்கால் சட்டை, பூட்ஸ், பூச்சி விரட்டிக் களிம்பு கொடுத்தோம். மனைக்காரர்களில் இருவர் பணம் தந்தார்கள். மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை. வெட்டிய மறுவாரமே அங்கே பழஞ்சோற்றுப் பை விழுந்தது. வீசியவர் இந்த அவையில்தான் இருக்கிறார், பெயர் சொல்லவில்லை.

இப்போது அங்கே மறுபடி முழங்கால் உயரப் புல். இந்த ஆண்டு வெட்டுக்கூலிக்கு வீட்டுக்கு 200 ரூபாய் என்ற தீர்மானத்தை முன்வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்