மூளையைக் காக்கும் புரதங்களும் மாத்திரை விளம்பரங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதி மருந்தகங்களில் ஞாபகசக்திக்கென விற்கப்படும், ஒட்சிசனால் கலங்களுக்கு ஏற்படும் சிதைவைத் தடுப்பவை எனப்படும் ஒட்சியேற்ற எதிரி (antioxidant) மாத்திரைகளை முதியோரும், பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகளின் பெற்றோரும் நம்பி வாங்குவது மிகுந்த கவலை தருகிறது.

உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமேயான மூளை, ஓய்விலுள்ள உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அப்போது உண்டாகும் சுப்பரொட்சைட்டு போன்ற மூலக்கூறுகள் நரம்புக் கலங்களின் மென்சவ்வையும் டீ.என்.ஏ.யையும் சிதைக்கக்கூடியவை. அவற்றை அடக்குபவை கலங்களே உற்பத்தி செய்யும் புரதங்கள். 1969இல் மக்கோர்ட், ஃபிரிடோவிச் என்ற விஞ்ஞானிகள் இனங்கண்ட சுப்பரொட்சைட்டு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியம் சுப்பரொட்சைட்டை ஒட்சிசனாகவும் ஐதரசன் பேரொட்சைட்டாகவும் மாற்ற, குளுட்டதயோன் பேரொட்சிடேஸ், கற்றலேஸ் முதலியன அந்தப் பேரொட்சைட்டைச் சிதைத்து நீராக்குகின்றன. முதல் நொதியத்தின் மரபணுவில் ஏற்படும் மாற்றம், தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்குச் சிலரில் காரணமாவது 1993இல் தெரியவந்தது. ஆயினும் அங்கே பிரதான கேடு பாதுகாப்புக் குறைவு அன்று, பிழையாக மடிந்த அப்புரதமே நஞ்சாவதுதான்.

இந்நொதியங்களை மாத்திரையாக விழுங்கினால், ஏனைய புரதங்களைப் போலவே அவையும் பெரும்பாலும் உணவுக்கால்வாயில் சமிபாடடைந்துவிடும். புரதமல்லாத ஒட்சியேற்ற எதிரியான விற்றமின் ஈ கூட, இலேசான ஞாபகக் குறைபாடு அல்சைமர் நோயாக முற்றுவதைத் தடுக்கவில்லை என 2005இல் வெளியான மருத்துவப் பரிசோதனை காட்டியது. ஆகவே, மூளையைக் காக்கும் என விளம்பரப்படுத்தும் ஒவ்வொரு உற்பத்தியாளரிடமும் அதற்கான மருத்துவச் சான்றைச் சுகாதார அமைச்சு கட்டாயமாகக் கோர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 06