துப்பாக்கி சரி, தோட்டா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அமெரிக்காவுல பேரழிவுக்குத் தயாராகுற பிரெப்பர்கள்ல சிலர், துப்பாக்கியையே வீட்டுல செஞ்சுக்கிட்டா யாரையும் நம்பி இருக்க வேண்டாம்னு நினைக்கிறாங்க. அங்க சொந்த உபயோகத்துக்குன்னா மத்திய லைசென்ஸ் தேவையில்ல, ஆனா சில மாநிலங்கள்ல கட்டுப்பாடு இருக்கு, வீட்டுல பூட்டி துப்பாக்கியாக்கிக்கிற, சீரியல் நம்பர் இல்லாத உதிரிபாக கிட்டுங்களுக்கு 2022ல கொண்டு வந்த கட்டுப்பாட்டு விதியை சுப்ரீம் கோர்ட்டும் 2025 மார்ச்ல ஏத்துக்கிச்சு. சரி, துப்பாக்கி செஞ்சாச்சு, தோட்டா? அதுக்குள்ள தீப்பொறி கிளப்புற பிரைமரும் வெடிமருந்தும் ஃபேக்டரிலேருந்துதானே வரணும், 2020ல கொரோனா நேரத்துல தோட்டா கிடைக்காம கடை கடையா அலைஞ்சவங்கதானே இவங்க! இதுல என்னங்க தற்சார்பு? அவங்க அரசாங்கமே ஆளுக்கு தினம் ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் தண்ணி சேர்த்து வைங்கன்னு சொல்லுது. புயல் வெள்ளம்னா முதல்ல தவிக்கிறது தண்ணிக்கும் மாத்திரைக்கும்தான், துப்பாக்கியக் கரைச்சா குடிக்க முடியும்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்