பிரேயர் ஹால் திருப்பணி நிறைவு அறிக்கை

பழைய மாணவர் சங்க உறுப்பினர்களுக்கும், பணம் தந்தவர்களுக்கும், பணத்துக்குப் பதில் ஆளும் வண்டியும் தந்தவர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் அரசு மேல்நிலைப் பள்ளியின் பிரேயர் ஹால் வேலை முழுவதும் முடிந்துவிட்டது. கூரை, சுவர், தரை, மேடை, மின்கம்பி, கிழக்கு வராந்தாவில் நூலக அலமாரி, புதிய பெயர்ப் பலகை என்று பொதுக்குழுவில் ஒப்புக்கொண்ட எதுவும் பாக்கி இல்லை. பொறியாளரின் உறுதிச் சான்று கைக்கு வந்த பிறகே சாவியைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்தோம்.

இந்த வேலை ஏன் வந்தது என்பது உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். மும்பையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறவர்களுக்காகவும், நாளைக்கு இந்த அறிக்கையை எடுத்துப் பார்க்கப் போகிறவர்களுக்காகவும் எழுதிவைக்கிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரையைத் தாண்டி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுபோனதை நாடே பார்த்தது. அதே இரவில் நம் பள்ளியின் மாடி வகுப்பறைகளில் ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் ஆடு, கோழி, கைக்குழந்தை சகிதம் ஏறி நின்றார்கள். கீழே பிரேயர் ஹாலில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. நூலகத்துப் புத்தகங்களில் பெரும்பகுதி போய்விட்டது. சேர்க்கைப் பதிவேடுகள் தப்பியதற்குக் காரணம் அலுவலக உதவியாளரும் இரவுக் காவலரும்தான். கழுத்தளவு தண்ணீர் வருவதற்குள் அத்தனையையும் தலைச்சுமையாக மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கும் நம்மில் யாராவது பிறந்த தேதிக்குச் சான்று கேட்டுப் பள்ளிக்குப் போனால் கிடைக்கிறது என்றால், அது அவர்கள் இருவரின் உழைப்பு.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கத்தில் அதிகம் கேள்வி எழுந்ததும் அதில்தான். "இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டினால் என்ன?" என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஹாலின் அடித்தளமும் சுவரும் பழுதில்லை என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த பிறகுதான் பழுதுபார்ப்பது என்று முடிவெடுத்தோம். இன்னொரு காரணமும் உண்டு. 1950களின் கடைசியில் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடெங்கும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் அவரவர் பள்ளிக்குக் கட்டடம், பெஞ்சு, கடிகாரம், மணி என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். நம் ஹாலும் அந்த அலையில் எழுந்ததுதான். ஊர் கட்டியதை ஊரே பழுதுபார்ப்பது முறை என்று குழுவில் எல்லோருக்கும் தோன்றியது.

சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. நடுவில் எப்போதோ நடந்த மராமத்தில் அதன்மேல் சிமெண்டுப் பூச்சு பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், காற்றில் விட்டுவிடும். மேலே சிமெண்டு இருந்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பாளம் பாளமாக உதிரும். வெள்ளம் வடிந்த பிறகு நடந்தது அதுவேதான். ஆகவே சிமெண்டு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடைக்காலம் சுவரைச் சும்மா காயவிட்டோம். "பணம் வாங்கிவிட்டு வேலை நடக்கவில்லையே" என்று சிலர் வருத்தப்பட்டது அந்த மாதங்களில்தான். சுவர் காயாமல் பூசியிருந்தால் செலவு அத்தனையும் வீண். அப்புறம் சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினார்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைவு. வந்தவர்களில் மூத்தவர் தினமும் மாலையில் நம் பிளஸ் டூ பையன்கள் இருவருக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்கு அவர் தனிக் கூலி கேட்கவில்லை.

கூரைக்குப் பனங்கை, அதாவது ஓடுகளைத் தாங்கும் பனைமரச் சட்டம். பாதிக் கைகள் நன்றாகவே இருந்தன, ஓடுகளைக் கழற்றித் துடைத்ததும் மரத்தின் கறுப்பு வைரம் தெரிந்தது. மீதிக்கு மரம் வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது, அது நல்லதுதான். நாங்களும் எந்தப் பனையிலும் கை வைக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் இடிக்கிற பழைய வீடுகளைத் தேடிப் போய் கைமரங்களை விலைக்கு வாங்கினோம். உடைந்த மங்களூர் ஓடுகளுக்கும் அப்படியே. செலவில் பாதிக்கு மேல் கூரைக்குப் போயிருக்கிறது.

மைதானம் நம் திட்டத்தில் இல்லை. வெள்ளம் விட்டுப்போன வண்டல் அங்கே முழங்கால் அளவுக்குக் கிடந்தது. வாழைக்காரர்கள் தங்கள் டிராக்டர்களைக் கொண்டுவந்து, டீசல் காசுகூட வாங்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் தோட்டமே அந்த வெள்ளத்தில் சாய்ந்து கிடந்த நேரம் அது. கபடிப் பெண்கள் அந்த மண்ணைக் கொத்திச் சமப்படுத்திக் கோடு போட்டு ஆடத் தொடங்கி, அதே கல்வியாண்டில் குறுவட்டத்தைத் தாண்டி மாவட்டப் போட்டி வரை போனார்கள். இதை வெறும் விளையாட்டுச் செய்தியாக எங்களால் சொல்லிவிட முடியவில்லை.

இனி பெயர்ப் பலகை. குழு அதிக நேரம் பேசியது கூரையைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான். மேடைக்கு மேலே தேக்குப் பலகையில் பொன்னிற எழுத்தில் பள்ளியின் முதல் மதிப்பெண்காரர்கள் பெயர் இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. காலத்துப் பெயர்கள் இடப்பக்கம். 1978இல் மேல்நிலை வகுப்பு வந்த பிறகு பிளஸ் டூ பெயர்கள் வலப்பக்கம். 2017இல் அரசு பொதுத்தேர்வில் ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பிள்ளைகளை வரிசைப்படுத்தி, மீதிப் பிள்ளைகளைச் சோர்வடையச் செய்வது வேண்டாம் என்பது காரணம். நம் பலகையும் அதோடு நின்றிருந்தது. வெள்ளத்தில் எழுத்து உரிந்தது, மரம் கெடவில்லை. திரும்ப எழுதுவதா, எழுதினால் எதை எழுதுவது?

மூத்த உறுப்பினர்கள் சிலர் பழைய முறையே தொடர வேண்டும் என்றார்கள். அந்தப் பலகையில் தன் பெயர் ஏற வேண்டும் என்றே படித்தவர்கள் அவர்கள், அது அவர்களை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, மாணவி ஒருத்தியின் தாய், அவரும் கூட்டத்தில் இருந்தார். "அண்ணாச்சி, எம் பிள்ள பேரு அந்தப் பலகையில வராது. ஆனா வீடு இடிஞ்ச மறு வாரத்துல இருந்து ஒரு நாளு லீவு போடாம வந்தா. அதுக்கு எங்க எழுதுவிய?" என்று கேட்டார். கூட்டத்தின் போக்கு அதற்குப் பிறகு மாறியது.

முடிவு இதுதான்: பழைய பலகையில் இருந்த பெயர்களை ஒன்றுவிடாமல், இருந்த இடத்திலேயே, திரும்ப எழுதியாகிவிட்டது. அது பள்ளியின் வரலாறு, அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. எதிர்ச் சுவரில் புதுப் பலகை. அதில் மதிப்பெண் இருக்காது. ஆண்டு, பெயர், என்ன செய்தார் என்று ஒரு வரி, அவ்வளவே. யார் பெயர் ஏறும் என்பதை ஆசிரியர்களும் மேலாண்மைக் குழுவும் சேர்ந்து முடிவு செய்வார்கள். பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால்தான் எழுத வேண்டும் என்றும் தீர்மானம் உண்டு. சங்கம் இதில் தலையிடாது. இந்தக் கடைசி வரியை நாங்கள் வலியுறுத்தியே சேர்த்தோம், பணம் கொடுத்தவர் பிள்ளை, கொடுக்காதவர் பிள்ளை என்ற பேச்சு அந்தச் சுவரருகே வரக்கூடாது.

முதல் ஆண்டு வரிகளைப் படித்தபோது குழுவில் பலருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் தேறிய பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் வரும். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் மாலையில் நடத்திய வகுப்பில் வந்த பலன் இது. ஹால் வேலை நடந்தபோது அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நடத்தினார். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியரை மட்டும் எடுக்கும் ஊரகத் திறனாய்வுத் தேர்வில் நம் மாணவி வந்திருக்கிறாள். பதினோராம் வகுப்புக்கான தமிழ் இலக்கியத் திறனறிவுத் தேர்வில் மாநிலம் முழுவதற்கும் 1,500 பேரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அதிலும் நமக்கு ஓர் இடம். மாதம் 1,500 ரூபாய் இரண்டு வருடத்துக்கு. அந்தப் பையனின் அப்பா ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்கிறார்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது, அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்த வழியில் மருத்துவக் கல்லூரிக்குப் போன நம் மாணவியின் பெயரும் பலகையில் இருக்கிறது. அவளுக்கு அடுத்த வரியில் இருப்பவன், விடியற்காலையில் சந்தையில் வாழைத்தார் இறக்கிவிட்டுப் பள்ளிக்கு வந்து, பாலிடெக்னிக்கில் சேர்ந்தவன். வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். இரண்டு வரிக்கும் எழுத்தின் அளவு ஒன்றுதான். மேலாண்மைக் குழுத் தலைவி கேட்ட அந்தக் கேள்விக்கும் பலகையில் இடம் கொடுத்தாகிவிட்டது: வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கல்வியாண்டு முடியும்வரை ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைகள் அனைவர் பெயரும்.

திறப்பு விழாவை எளிமையாக நடத்தினோம். கல்வெட்டில் யார் பெயரும் இல்லை, தேதி மட்டும். மாணவிகள் வெள்ளத்தைப் பாடி வில்லுப்பாட்டு நடத்தினார்கள். குடம் அடித்த பெண் ஒன்பதாம் வகுப்பு. பாட்டை எழுதிக் கொடுத்தது தமிழாசிரியை. சத்துணவுக் கூடத்து அம்மாக்கள் சமைத்தார்கள், பள்ளிவாசல் தெருவிலிருந்து அரிசி வந்தது, கோயில் டிரஸ்டிலிருந்து பாத்திரம், சர்ச் வளாகத்திலிருந்து நாற்காலி. எந்தத் தெருவுக்கும் தனிப்பந்தி கிடையாது.

ஹாலை இப்போது எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறோம். காலையில் பிரார்த்தனைக் கூட்டம், மழை நாளில் உடற்பயிற்சி, மாலை ஆறு முதல் எட்டு வரை பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் படிப்பு நேரம். படிப்பு நேரத்துக்குச் சுண்டல், டீ செலவைத் தேர்வு முடியும்வரை கடைத்தெரு வியாபாரிகள் ஏற்றிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளைத் தாய்மார்கள் முறை வைத்துக் கூட்டிப் போகிறார்கள். கண் பரிசோதனை முகாமுக்கும் வாக்குச்சாவடிக்கும் ஹாலைத் தருவார்கள். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கிடையாது. உறுப்பினர்கள் யாரும் இதற்காகத் தலைமையாசிரியரிடம் சிபாரிசுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கணக்கு: வரவு செலவு முழுவதும் தணிக்கையாளர் கையெழுத்தோடு தனித்தாளில் உங்களுக்கு வருகிறது. அதன் நகல் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. பெரிய தொகை தந்தவர்கள் பட்டியல், சிறிய தொகை தந்தவர்கள் பட்டியல் என்று பிரிக்கவில்லை, பெயர்கள் அகர வரிசையில் இருக்கின்றன. விடுபட்ட பெயர் இருந்தால் பொருளாளரிடம் ரசீதோடு சொல்லுங்கள், சேர்த்துவிடலாம். மீந்த தொகையை ஹாலின் பராமரிப்புக்கென்று அஞ்சலகத்தில் சங்கத்தின் பெயரில் வைப்பாக வைத்திருக்கிறோம். கூரை ஓடுகளை ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்னால் இறக்கிப் பார்த்து, உடைந்ததை மாற்ற அது போதும்.

ஒரு வேலை மட்டும் இந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்கிறது. மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்துதான் போகிறது, மின்சாரம் நின்றால் தண்ணீரும் நின்றுவிடுகிறது. தனித் தொட்டியும் குழாயும் வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாகச் செய்ய விண்ணப்பம் தயாராகிவிட்டது, மேலாண்மைக் குழுவும் தீர்மானம் போட்டுக் கொடுத்திருக்கிறது. இதற்குப் புதிதாக வசூல் வேண்டுமா என்பதைப் பொங்கல் விடுமுறையில் கூடும் பொதுக்குழுவில் பேசுவோம். கூட்டம் பிரேயர் ஹாலில் நடக்கும். ஊருக்கு வருகிறவர்கள் அன்று காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள். பழைய புத்தகம் ஏதாவது வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துவாருங்கள், நூலக அலமாரியில் இன்னும் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு