முதல் மீனை எங்கே வாங்குவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய தொட்டிப் படத்தை அம்மாவும் நானும் பார்த்தோம். நாலடித் தொட்டி, 250 லிட்டர், உப்பு (தண்ணீரின் ஒப்படர்த்திக் கணக்கில்) 1.025-இல் நிற்கிறது, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 என்று எழுதியிருந்தாய். ஒன்றரை மாதமாக ஒரு மீன்கூட இல்லாத தண்ணீரைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். கடல் மீன் தொட்டி வைக்கிறவர்களில் பாதிப் பேரிடம் இல்லாத பொறுமை அது. எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது மீனை எங்கே வாங்குவது என்று கேட்கிறாய். சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரா, வீட்டுப் பக்கத்துக் கடையா, ஆன்லைனா? போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடையின் பெயரையும் விலையையும் கொஞ்சம் தள்ளி வை. மீன் எங்கே பிறந்தது அல்லது எங்கே பிடிபட்டது, கடைக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று, இந்த இரண்டையும் மழுப்பாமல் சொல்கிற ஆளைக் கண்டுபிடி. அவர் கடை கொளத்தூரில் இருந்தாலும் சரி, நகரத்தின் மறு கோடியில் இருந்தாலும் சரி, அங்கே போய் வாங்கு. இத்தனை வருடம் கடை நடத்தியவன் சொல்கிறேன், கடல் மீனில் பாதி விஷயம் இதுதான்.

நன்னீர் மீன் பெரும்பாலும் பண்ணையில் பிறக்கிறது. கொளத்தூர்ப் பக்கம் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி குப்பி, மோலி, ஏஞ்சல் எல்லாம் வளர்க்கிறார்கள். தெருவுக்குத் தெரு தண்ணீர்கூட அதிகம் மாறாது. கடல் மீன் அப்படி இல்லை. கடையில் நீ பார்க்கும் இனங்களில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்து பிடித்து வருபவைதான். பாறையில் பிடித்ததும் படகில் ஒரு வாளி, கரையில் பிடித்தவரின் தொட்டி, அப்புறம் ஏற்றுமதி செய்கிறவர், விமானம், மொத்த வியாபாரி, கடைசியில் கடை. ஒவ்வொரு கைக்கும் தண்ணீர் மாறும். பைக்குள் கழிவு போடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நாள் பட்டினி வேறு. கடைக்கு வந்து இறங்கும் மீன் சாப்பிட்டுப் பல நாள் ஆகியிருக்கும். அன்றைக்கே அதை வாங்கினால் அத்தனை பயணத்தின் களைப்போடும் அது உன் வீட்டுக்கு வரும்.

பிடிக்கிற விதத்திலும் வித்தியாசம் இருக்கிறது. நல்ல முக்குளிப்பவர் இரண்டு கைவலையை வைத்து மீனை மெதுவாக ஓரம் கட்டி எடுப்பார். ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவார். அவசரப்பட்டுத் தூக்கினால் மீனின் காற்றுப்பை உப்பிவிடும். அப்படிப்பட்ட மீன் கடைத் தொட்டியில் நேராக நிற்க முடியாமல் பின்பக்கம் தூக்கிக்கொண்டு மிதக்கும். இதைவிட மோசமானது சயனைடு. 1960-களில் பிலிப்பைன்ஸில் அலங்கார மீனுக்காகத் தொடங்கியது, இந்தோனேசியாவுக்கும் பரவியது. மாத்திரையைக் கரைத்துப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய்ப் பாறை இடுக்கில் பீய்ச்சுவார்கள். மீன் மயங்கிவிடும், கையாலேயே எடுத்துவிடலாம். பக்கத்தில் இருக்கும் பவளம் செத்துப்போகும். பிடிபட்ட மீனோ கடையில் பளிச்சென்று இருக்கும், சாப்பிடவும் சாப்பிடும். உள்ளே ஈரல் கெட்டுப்போயிருப்பதால் சில வாரத்தில் இளைத்துச் செத்துவிடும். வாங்கினவன் தன் தண்ணீரைத்தான் குறை சொல்லிக்கொள்வான். வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் எங்கிருந்து வந்தது என்று கேள் என்கிறேன். ‘வெளிநாட்டு ஐட்டம் சார்’ என்று மட்டும் சொன்னால் அது பதில் இல்லை.

சரி, கடைக்குப் போனால் என்ன பார்க்க வேண்டும்? உன் அம்மா மீன் சந்தையில் விலை கேட்பதற்கு முன்னால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, நீயும் முதலில் செவுளைத்தான் பார்க்க வேண்டும். இது உயிரோடு இருக்கிற மீன், தூக்க வேண்டியதில்லை, எவ்வளவு வேகமாக அடித்துக்கொள்கிறது என்று பார். அதே தொட்டியில் இருக்கும் மற்ற மீன்களைவிட வேகமாக மூச்சு வாங்குகிற மீன் வேண்டாம். ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைகிற மீனும் வேண்டாம். அப்புறம் வயிறு உள்வாங்கியிருக்கிறதா, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றியிருக்கிறதா, கண் மங்கியிருக்கிறதா, மேல்மட்டத்திலேயே நிற்கிறதா, கல்லில் உடம்பைத் தேய்க்கிறதா என்று பார். துடுப்பு கொஞ்சம் கிழிந்திருந்தால் பயமில்லை, அது வளர்ந்துவிடும். முதுகு வற்றின மீன் தேறுவது அபூர்வம்.

எல்லாம் பார்த்த பிறகு, ‘அண்ணே, கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க’ என்று கேள். இதில் கூச்சப்படாதே. கையில் சரக்கை வைத்துப் பராமரிக்கிறவர் சந்தோஷமாகப் போட்டுக் காட்டுவார். பெல்லட் என்கிற உலர்ந்த குருணைத் தீனியைத் தின்கிறதா, உறைய வைத்த இறாலும் ஆர்ட்டீமியா என்கிற பொடி உயிரும் மட்டும் தின்கிறதா, துப்புகிறதா என்று நின்று பார். வாயில் வாங்கித் துப்பினால் அது சாப்பிட்ட கணக்கில் வராது. ‘இப்பதான் போட்டேன், வயிறு நிறைஞ்சிருக்கு’ என்று சொன்னால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடு.

லோடு எந்தக் கிழமை வருகிறது என்றும் கேட்டுக்கொள். லோடு வந்த அன்று கடை ரொம்ப அழகாக இருக்கும், எல்லோரும் அன்றுதான் போவார்கள். நீயும் போய்ப் பார், ஆனால் அன்று மீனை எடுத்து வராதே. பிடித்த மீனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல். என் கடையில் இப்படிச் சொன்னவர்களை நான் மரியாதையோடு பார்த்தேன். இரண்டு வாரம் கழித்தும் மீன் கொழுகொழுவென்று தின்றுகொண்டிருந்தால், பயணத்தில் சாக வேண்டியது இது இல்லை என்று தெரிந்துவிடும். அட்வான்ஸுக்குச் சம்மதிக்காமல், ‘இப்ப எடுக்கலைன்னா போயிடும்’ என்று அவசரப்படுத்துகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. உப்பு எத்தனையில் வைத்திருக்கிறீர்கள்? தாமிரம் ஓடுகிறதா? ஒட்டுண்ணி பெருகாமல் இருக்கவும் உப்புச் செலவைக் குறைக்கவும் சில கடைகளில் 1.018 வரை இறக்கி வைப்பார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அங்கிருந்து எடுத்து வந்து நேராக உன் 1.025-இல் விட்டால் மீனுக்குத் தாங்காது. மீனுக்கு உப்பு குறைவதைவிடக் கூடுவதுதான் கஷ்டம். தாமிரமும் அப்படித்தான். பெரும்பாலான கடைகளில் பல தொட்டிக்கும் ஒரே ஃபில்டர், ஒரே தண்ணீர் சுற்றுகிறது. ஒரு மீனின் நோய் எல்லாவற்றுக்கும் போகும் என்பதால் கொஞ்சம் தாமிர மருந்து போட்டே வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீரில் வெள்ளைப் புள்ளி என்கிற ஒட்டுண்ணி நோய் அடங்கிக் கிடக்கும், உன் வீட்டுச் சுத்தமான தண்ணீரில் கிளம்பும். ஒளிக்காமல் சொல்கிற கடைக்காரர் என்றால் மருந்து ஓடுகிறது என்று அவரே சொல்வார், எத்தனை நாளாக என்றும் சொல்வார்.

வெள்ளைப் புள்ளியில் நிறையப் பேர் ஏமாறுவது எங்கே தெரியுமா? நாலைந்து நாளில் புள்ளி தானாக மறைந்துவிடும், மீன் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஒட்டுண்ணி உடம்பிலிருந்து உதிர்ந்து மணலிலும் கல்லிலும் கூடு கட்டிக்கொண்டிருக்கும். அது வெடித்து மறுபடி வரும்போது ஒன்றுக்கு நூறாக வரும். பெரிய தொட்டிக்குள் ஒரு முறை நுழைந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து இரண்டரை மாதம் தொட்டியைக் காலியாகப் போட வேண்டும். அதனால் எவ்வளவு நல்ல கடையில் வாங்கினாலும், தனியாக ஒரு சின்னத் தொட்டியில் நாலு வாரமாவது வைத்திருந்து பிறகு பெரியதில் விடு. இரண்டடித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிய ஒரு பிவிசி குழாய்த் துண்டு, இது போதும்.

முதல் மீனாகக் கோமாளி மீன் ஜோடி வாங்கு. பண்ணையில் பிறந்ததாகப் பார்த்து வாங்கு. இதில் நம் கரைக்கு ஒரு பெருமை உண்டு. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீனை முட்டையிலிருந்து வளர்க்கும் முறையை நம்மவர்கள் கைவசப்படுத்தினார்கள். லட்சத்தீவில் அகத்தித் தீவுப் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து இந்த வேலையில் இறக்கியிருக்கிறார்கள். முட்டை சுமார் ஒரு வாரத்தில், இருட்டின பிறகு பொரியும். பொரிந்த குஞ்சுக்குக் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ரோட்டிஃபர் என்கிற சிற்றுயிர்தான் தீனி, அதை வளர்க்க முதலில் பாசி வளர்க்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துத்தான் வெள்ளைப் பட்டை விழ ஆரம்பிக்கும். இவ்வளவு பாடுபட்டு வளர்த்த மீனுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கேட்டால் மனசார கொடு. அந்தப் பணம் பாறையிலிருந்து ஒரு மீனைப் பிடிக்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான்.

பண்ணை மீனை அடையாளம் காண்பது சிரமமில்லை. நீ கண்ணாடிப் பக்கம் போனதும் ஒளியாமல் முன்னால் வந்து நிற்கும், பெல்லட்டைப் போட்டி போட்டுத் தின்னும். பட்டை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இருக்கும், அது குறை இல்லை. இரண்டையும் சின்னதாகவே வாங்கு. கோமாளி மீன் எல்லாம் முதலில் ஆணாகத்தான் வளரும், இரண்டில் பெரியது பிறகு பெண்ணாக மாறிவிடும். ஆணா பெண்ணா என்று நீ கவலைப்பட வேண்டியதே இல்லை. கடலில் அது குடியிருக்கும் அனிமோன் என்கிற பூப்போன்ற உயிர் இல்லாமலும் அது நன்றாக இருக்கும். புதுத் தொட்டியில் அனிமோன் நிலைக்காது, யார் சொன்னாலும் இப்போது வாங்காதே.

அழகைப் பார்த்து மயங்கிவிடாதே என்று இன்னும் சில மீனைச் சொல்ல வேண்டும். மாண்டரின், கண்ணைப் பறிக்கும். ஆனால் பாறையில் ஊரும் கோப்பிபாடு என்கிற உயிருள்ள பொடிப் பூச்சிகளைத் தின்றே பழகியது, புதுத் தொட்டியில் கண்ணெதிரே பட்டினி கிடந்து சாகும். கிளீனர் ராஸ் மற்ற மீன்களின் மேல் இருக்கும் ஒட்டுண்ணியைத் தின்று வாழ்கிறது, அதற்கும் பெரும்பாலும் அதே கதிதான். பவுடர் ப்ளூ டாங் என்கிற நீல மீனுக்கு உன் தொட்டி போதாது, வெள்ளைப் புள்ளியை அழைத்து வருவதிலும் முதல் ஆள் அது. உன் தொட்டியின் அளவைக் கேட்டுவிட்டு, இது உங்களுக்கு வேண்டாம் என்று ஒரு மீனையாவது மறுக்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதே.

இப்போது சொல்லப்போவதில் மட்டும் உன்னிடம் உறுதி கேட்கிறேன். யாராவது உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கடல் குதிரையையோ, பவளத்தையோ, கடலின் பவளப் பாறையில் வெட்டின உயிர்க்கல்லையோ காட்டினால், அந்தக் கடையிலிருந்து அப்போதே வெளியே வந்துவிடு. 2001-இல் இவையெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்துவிட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது தூத்துக்குடிக் கரையில் வள்ளம் வள்ளமாக முருகைக்கல், அதாவது பவளக்கல், வந்து இறங்கும், சுண்ணாம்புக்குப் போகும். மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் நம் பக்கம் விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. சுற்றி நின்ற பாறையை வெட்டி எடுத்த பிறகு அலையைத் தடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. உன் தொட்டிக்குச் சிமெண்டிலோ செராமிக்கிலோ செய்த கல்லே போதும், ஒரு வருடத்தில் ஊதாப் பாசி படர்ந்து உண்மைக் கல்லாகவே தெரியும்.

ஆன்லைன் விஷயம். நேரில் பார்க்க முடியாது என்பதால் முதல் மீனுக்கு எனக்கு அதில் விருப்பமில்லை. பண்ணையிலிருந்து நேரடியாக அனுப்புகிறவர் என்றால் யோசிக்கலாம். அப்படி வாங்கினால், அனுப்புவதற்கு முன் அந்த மீனே தீனி தின்கிற வீடியோ கேள். பெட்டி வந்ததும் பையை மூடியபடியே தொட்டியில் மிதக்க விட்டுச் சூடு சமமாக்கு. பையைத் திறந்த பிறகு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடாதே. பல மணி நேரம் பூட்டிக் கிடந்த பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் விட்ட மூச்சால் தண்ணீர் புளிப்பேறி இருப்பதால் அது மீனை அவ்வளவாகச் சுடாது. திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். அனுப்புகிறவரிடம் உப்பு அளவை முன்னாலேயே கேட்டு, சின்னத் தொட்டியை அதே அளவில் தயாராக வைத்திருந்தால், திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடலாம். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போக வேண்டாம்.

உப்பு அளக்கிற என் பழைய ரெஃப்ராக்டோமீட்டரைத் துடைத்து வைத்திருக்கிறேன், கொரியரில் அனுப்புகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் ரெண்டு மூணு கடை மட்டும் சுற்றிவிட்டு வா, பணம் எடுத்துப் போகாதே. யார் தீனி போட்டுக் காட்டினார்கள், உப்பு எத்தனை என்று யார் சரியாகச் சொன்னார்கள், இரவு போன் பண்ணிச் சொல். அதை வைத்து எந்தக் கடையில் அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று முடிவு பண்ணுவோம்.

அன்புடன்,
அப்பா