ஞாயிறு தையல்: எதுவரை வந்திருக்கிறது?

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு மண்டபம் ஊரில், வழக்கமான மாடியில் கூடுகிறோம். பாம்பன், தங்கச்சிமடம் அக்காமார் கொஞ்சம் முன்னாடியே பஸ் ஏறிவிடுங்கள்.

1. துண்டுத்துணிப் போர்வை எந்த நிலையில் இருந்தாலும் சனி இரவுக்குள் ஒரு படம் போடுங்கள். பாதி தைத்ததும் சரிதான்.
2. புதுப் பருத்தித் துணியை அலசிக் காயவைத்து, அப்புறம் வெட்டுங்கள். போன மாதம் நான் அலசாமல் தைத்த சிவப்புத் துண்டு சாயம் விட்டு, பக்கத்து வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. இன்னும் போகவில்லை.
3. தையல் ஓரம் (தையலுக்கு வெளியே விடும் துணி) எல்லாருக்கும் கால் அங்குலம்.
4. குண்டூசிக்கு மூடிபோட்ட டப்பா. உப்புக்காற்றில் துருவேறினால் துணியில் பழுப்புப் புள்ளி விழும்.

வருகிறவர்கள் வெள்ளிக்குள் "வரேன்" என்று பதில் போடுங்கள். டீ, வடைக் கணக்கு அதை வைத்துத்தான்.