கரண்ட் வந்தது, முகவரி வரவில்லை

ரங்கூன்
ஆடி 12

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? மோல்மேனிலிருந்து நீ பஸ்ஸில் போட்டு அனுப்பிய டுரியான் மூன்றும் வந்து சேர்ந்தன. வந்ததைக் கீழ்மாடிக்காரர்களும் கேட்காமலே தெரிந்துகொண்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருப்பதால் ஒரு சுளைதான் கொடுத்தோம். அதற்கு மேல் ராத்திரி எத்தனை உள்ளே போயிற்று என்பது காலையில் கொட்டையை எண்ணும்போதுதான் தெரிந்தது.

நான் வீட்டிலேயே செய்த வைஃபை பெட்டி ஓடுகிறதா என்று கேட்டிருந்தாய். ஓடுகிறது. ஆனால் நடுவில் மூன்று வாரம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. நீயும் ஒன்று செய்யப்போவதாக எழுதியிருப்பதால் விவரமாகச் சொல்கிறேன், படித்துக்கொள்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம் என்பது உனக்குத் தெரியும். ஃபைபர்காரன் பெட்டியை முன் பால்கனிப் பக்கம் மாட்டிவிட்டுப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வரும் பிள்ளைகள் தமிழ் படிக்க உட்காருவதோ பின் அறையில். அங்கே சிக்னல் எட்டாது. அதனால் ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, முன்னாலிருந்து கேபிள் இழுத்து, நடுக்கூடத்தில் அலமாரி மேல் வைத்தேன். பாடங்களையும் ஒலிப்பதிவுகளையும் அதற்குள்ளேயே போட்டுவிட்டேன். நெட் போனாலும் பிள்ளைகள் 192.168.4.1 என்று அடித்தால் பாடம் திறக்கும். அந்த எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரிலும் ஒட்டியாயிற்று.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் மின்வெட்டு வந்தது. கரண்ட் திரும்பினால் தெருப் பிள்ளைகள் எல்லாம் "மீ லாபீ!" (கரண்ட் வந்தாச்சு!) என்று கத்துவார்களே, அந்தச் சத்தம் அடங்குவதற்குள் படிக்க வந்த பிள்ளைகள் "மாமா, வைஃபை வரவில்லை" என்று ஆரம்பித்துவிடுவார்கள். போனில் பார்த்தால் வைஃபை பெயர் தெரிகிறது, சிக்னல் முழுதாக இருக்கிறது, பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்று, அதாவது நெட்வொர்க்கில் தனக்கென்று ஒரு எண் வாங்கக் காத்திருக்கிறது என்று, சுற்றும், சுற்றும், அறுந்துவிடும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாஸ்வேர்டை மாற்றினேன். சேனலை 11-லிருந்து 6-க்கு மாற்றினேன், பிறகு 1-க்கு. வோல்டேஜ் போதவில்லையோ என்று புது அடாப்டர் வாங்கினேன். பிள்ளைகளின் போனைத் திட்டினேன். ஒன்றும் பலிக்காவிட்டால், இன்டர்நெட்டிலிருந்து இறக்கி வைத்திருந்த செய்முறையை முதல் வரியிலிருந்து மறுபடி தட்டுவேன். உடனே வேலை செய்யும்! எந்த வரியால் வேலை செய்தது என்று பார்க்கிற புத்தி எனக்கு வரவில்லை. அடுத்த மின்வெட்டுக்கு மறுபடி அதே கூத்து. அந்தப் பெட்டியையும் பேட்டரி லைனில் மாட்டிவிட்டால் அணையவே அணையாதே என்று வீட்டுக்காரி முதல் நாளே சொன்னாள். சரியான யோசனைதான். எனக்குத்தான் வீம்பு.

கடைசியில் பழைய லேப்டாப்தான் துப்புக் கொடுத்தது. அது 169.254 என்று ஆரம்பிக்கும் ஒரு முகவரியைக் காட்டியது. கேட்டுக் கேட்டுப் பதில் வராமல், தானாகவே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும்போது வருவது அது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வைஃபையில் சேருவது ஒரு வேலை, முகவரி வாங்குவது வேறு வேலை. என் பெட்டியில் உள்ளே சேர்ப்பது ஹோஸ்ட்ஏபிடி என்ற புரோகிராம். முகவரி கொடுப்பது டிஎன்எஸ்மாஸ்க் என்ற இன்னொரு புரோகிராம். முதல் ஆள் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருக்க, நான் மூன்று வாரமாக அவனையே விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நம் டீக்கடையில் பையனைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் கொடுப்போமே, அதை நினைத்துக்கொள். எந்தப் பையன், என்ன பெயர் என்று தெரியாது, கடை முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம். போனும் அப்படித்தான், "யாராவது முகவரி கொடுங்கள்" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்துகிறது. அதற்கு டிஸ்கவர் என்று பெயர். கொடுப்பவன் "இந்த எண் வேண்டுமா?" என்பான், அது ஆஃபர். போன் "அதையே கொடு" என்னும், ரெக்வெஸ்ட். "எடுத்துக்கொள், 12 மணி நேரத்துக்கு" என்று முடியும், அது அக்நாலெட்ஜ். இந்தப் பேச்செல்லாம் 67, 68 என்ற இரண்டு போர்ட்டுகளில், அதாவது எண் போட்ட வாசல்களில், நடக்கும். நெட்வொர்க்கில் போகிற வருகிறதைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவியைப் போட்டு அந்த இரண்டையும் ஒட்டுக்கேட்டேன். டிஸ்கவர், டிஸ்கவர், மறுபடி டிஸ்கவர். ஆஃபர் ஒன்றுகூட இல்லை. போன் தொண்டை வற்றக் கத்துகிறது, டீக்கடைப் பையன் சும்மா நிற்கிறான்.

ஏன் நிற்கிறான் என்று லாகை, பெட்டி தானே எழுதி வைக்கும் குறிப்பைத், திறந்தால் விஷயம் ஒரே வரியில் கிடந்தது: டபிள்யூலேன்0-வில் (பெட்டியின் வைஃபை பக்கத்துக்கு அதுதான் பெயர்) டிஹெச்சிபி கேள்வி, அதாவது முகவரி கேட்கும் அந்தச் சத்தம், வந்தது, ஆனால் அந்த டபிள்யூலேன்0-வுக்கே முகவரி கிடையாது. ஊருக்கெல்லாம் முகவரி கொடுக்க உட்கார்ந்தவன் தன் முகவரியைத் தொலைத்துவிட்டிருக்கிறான்!

காரணம் அந்தச் செய்முறைதான். அது பழசு. டபிள்யூலேன்0-வுக்கு நிலையான முகவரியை, முன்பு நெட்வொர்க்கைக் கவனித்துக்கொண்டிருந்த டிஹெச்சிபிசிடி என்ற புரோகிராமின் கோப்பில் எழுதச் சொல்லியிருந்தது. எழுதினேன். ஆனால் பெட்டியை ஓட்டும் ராஸ்பெரி பை ஓஎஸ், 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து நெட்வொர்க் வேலையை நெட்வொர்க் மேனேஜர் என்ற வேறு புரோகிராமிடம் கொடுத்துவிட்டது. நான் எழுதிய கோப்பைப் படிக்கவே ஆள் இல்லை. செய்முறையில் நடுவே, சோதனைக்காக, முகவரியைக் கையால் போடும் ஒரு கட்டளையும் இருந்தது. வேலை செய்ததெல்லாம் அந்த ஒரு வரியால்தான். கையால் போட்டது பெட்டி அணைந்தால் போய்விடும். மின்வெட்டுக்கும் வைஃபைக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

சரி, நெட்வொர்க் மேனேஜரையே முழுப் பொறுப்பும் எடுக்கச் சொல்வோம் என்று முடிவு செய்தேன். ஹாட்ஸ்பாட்டும் அதுவே நடத்தும், 'ஷேர்ட்' என்று வைத்தால் முகவரி கொடுக்கவும் தனக்கென்று ஒரு டிஎன்எஸ்மாஸ்க்கை அதுவே கிளப்பிக்கொள்ளும். சொல்லாமல் விட்டால் 10.42.0.1 என்று எடுத்துக்கொள்கிறது. சுவரில் ஒட்டியதை யார் கிழிப்பது? 192.168.4.1 என்றே கொடுத்தேன். ஹோஸ்ட்ஏபிடியை நிறுத்தினேன். அப்படியும் கிளம்பவில்லை, "அட்ரஸ் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்றது. வேறு எந்த இயந்திரத்துக்கோ அதே முகவரி இருக்கிறதென்று வீடு முழுக்கத் தேடினேன் மச்சான், அம்மாவின் டிவியைக்கூட விடவில்லை. அந்த 'அட்ரஸ்' வேறு அட்ரஸ். நான் முன்பு நிறுவிய பழைய டிஎன்எஸ்மாஸ்க் இன்னும் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, புதிதாக வந்தவனுக்கு உட்கார இடம் இல்லை. பழையதை நிறுத்தி, இனி தானாக எழும்பாதபடி செய்ததும் எல்லாப் போனும் மளமளவென்று உள்ளே வந்தன.

படிக்க வரும் ஒரு பெண்ணின் போன் மட்டும் சில நாள் வரும், சில நாள் வராது. அது முழுக்க என் தப்பு. சோதித்த காலத்தில் லேப்டாப்புக்கு நானே கையால் 192.168.4.20 என்று போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். லேப்டாப் மூடியிருக்கும் நேரத்தில் அதே 20 அந்தப் பெண்ணின் போனுக்குப் போயிருக்கிறது. நான் லேப்டாப்பைத் திறந்தால் இரண்டும் மோதும். இரண்டு வாரமாக அந்தப் பெண்ணிடம் "உன் போன் மட்டமான போன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

இப்போது நானே மூன்று தரம் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டேன். அப்புறம் செவ்வாய்க்கிழமை ராத்திரி நிஜ மின்வெட்டு. ஒன்றரை மணிக்கு யாரோ ஒரு பையன் மட்டும் "மீ லாபீ" என்று தூக்கக் கலக்கத்தில் சொன்னான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு நிமிஷத்துக்குள் 192.168.4.37 வந்தது. வீட்டுக்காரியை எழுப்பிக் காட்டினேன். நல்ல பேச்சு வாங்கினேன்.

நீ வேலையைத் தொடங்குமுன் உன் பெட்டியில் எந்தப் பதிப்பு ஓஎஸ் இருக்கிறது என்று பார்த்து எழுது. புக்வோர்மோ அதற்குப் பிந்தியதோ என்றால் உன்னிடம் இருக்கும் அந்தப் பழைய செய்முறையைத் தொடாதே. நான் செய்ததை வரிசையாக எழுதிப் பாடங்களோடு ஒரு மெமரி கார்டில் போட்டு, அடுத்த வாரம் பஸ்ஸில் வரும் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். திரும்பி வரும்போது அவரிடம் டுரியான் வேண்டாம், அம்மா கேட்டாலும் வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி